எழுத்தறியும் உரிமை: பார்வையற்ற தமிழ்ப் பிள்ளையும் நம் பள்ளிகளும்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மூன்று செய்திகளைக் கூறுவர். செங்கற்சூளைகள் நிறைந்திருந்ததால் அவ்விடம் அப்பெயர் பெற்றது என்பர். இரயில்வேப் பணிக்கு வந்த இந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் அங்குக் குடியேறினர் என்பர். 2010ஆம் ஆண்டில் அது ‘லிட்டில் இந்தியா’வாகத் திறந்துவைக்கப்பட்டதையும் குறிப்பிடுவர். இவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டிய நான்காவது செய்தியொன்று உண்டு. நம் நாட்டில் பார்வையற்றோர் மிகுதியாக வாழ்ந்து, உழைத்து, தாமே நடமாடும் நகர்ப்பகுதி அதுவே.

இது தற்செயலாக அமைந்ததன்று. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் நிலைகொண்டது. அவ்வாண்டிலேயே கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியின் பெயரால் அங்கு ஒரு தொழிற்பயிற்சி நிலையமும் எழுந்தது. பல மாநிலங்களிலிருந்தும் பயிற்சிக்கு வந்தவர்களுள் பலர் அங்கேயே தங்கினர். உடம்புபிடி நிலையங்கள் தோன்றின; தொலைபேசி இணைப்பாளர்களும் எழுத்தர்களும் உருவாயினர். நடைபாதைகளில் மஞ்சள் நிறத் தொடுதளக் கற்கள் பதிக்கப்பட்டன. நீண்ட வரிமேடுகளுள்ள கல் ‘நடக்கலாம்’ என்பதையும், வட்டப் புள்ளிகளுள்ள கல் ‘நில், கவனி’ என்பதையும் காலுக்கும் கோலுக்கும் உணர்த்தும். அக்கற்களின்மீது மோட்டார் சைக்கிளை நிறுத்துவோரும் கடையின் பெட்டிகளை அடுக்குவோரும் தாம் ஒரு வாக்கியத்தின் நடுவே சில சொற்களை அழித்துவிட்டதை அறிவதில்லை. வாக்கியம் அறுந்த இடத்தில் பார்வையற்றவர் சாலையில் இறங்க நேர்கிறது.

இவ்வுரையில் நாம் கேட்கவிரும்பும் வினா அந்நடைபாதையையும் கடந்தது. பிரிக்பீல்ட்ஸில் தமிழ் பேசும் பார்வையற்றவர் ஒருவர் ஒரு நூலைத் தம் விரலால் படிக்கிறார் எனக் கொள்வோம். அந்நூல் எம்மொழியில் இருக்கும்? பெரும்பாலும் மலாயில், அல்லது ஆங்கிலத்தில். அவர் தமிழ் பேசுவார், மின்னல் பண்பலையின் செய்தியைத் தவறாது கேட்பார், திருமுறையும் பாடுவார். ஆயினும் தம் பெயரைத் தமிழில் எழுத அவருக்கு எவரும் கற்பித்திருக்கமாட்டார்.

இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறியச் சற்றே பின்னோக்கிச் செல்லவேண்டும். நம் நாட்டில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான கல்வி சமயத்தொண்டர்களின் முயற்சியால் தொடங்கியது. புனித நிக்கலஸ் இல்லம் 1926இல் மலாக்காவில் தோன்றி, 1931இல் பினாங்கிற்கு இடம்பெயர்ந்தது. 1948இல் ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பெயரால் ஒரு பள்ளி அமைந்தது. பின்னர், இடைநிலைக் கல்விக்குக் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒரு சிறப்புப் பள்ளி ஏற்பட்டது. இவற்றின் தொண்டு பெரிது. இவை இல்லாதிருந்தால் அத்தலைமுறைப் பிள்ளைகள் பலர் எழுத்தே அறியாது போயிருப்பர். ஆயினும் இவற்றின் பயிற்றுமொழி தொடக்கத்தில் ஆங்கிலமாகவும் பின்னர் மலாயாகவும் இருந்தது. கிள்ளானில் பிறந்த ஒரு பிள்ளை ஏழு வயதில் வீட்டைவிட்டு உறைவிடப் பள்ளிக்குச் சென்றால், வகுப்பில் மட்டுமன்றி விடுதியிலும் தமிழ் அதன் செவியில் அரிதாகவே விழும். தெருவில் அதனோடு விளையாடிய பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குச் சென்று அகரம் எழுதினர். அப்பிள்ளையோ விடுமுறையில் வீடு திரும்பும்போது தமிழைப் பேச்சாக மட்டுமே மீட்டுக்கொண்டது.

பின்னர் ஒருங்கிணைப்புக் கல்வி வந்தது. வழக்கமான பள்ளிகளிலேயே சிறப்புக் கல்வி வகுப்புகள் தொடங்கின. தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் அவ்வகுப்புகள் நடைபெறுகின்றன. அவற்றில் பயில்வோர் பெரும்பாலும் கற்றல் இடர்ப்பாடுள்ள பிள்ளைகள். பார்வையற்ற பிள்ளையை ஏற்கவேண்டுமெனில் பிரெய்ல் அறிந்த ஆசிரியர் வேண்டும். தமிழ் பிரெய்ல் அறிந்த தமிழாசிரியர் வேண்டும். இங்கே ஒரு கணக்கும் குறுக்கிடுகிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியொன்றில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்கப்படவேண்டும். பார்க்கும் திறனுள்ள பிள்ளைகளுக்கு அவ்வெண்ணிக்கை எட்டக்கூடியதே. பார்வையற்ற தமிழ்ப் பிள்ளைகளோ ஒரு பள்ளிக்கு ஒருவர் இருவராகச் சிதறியிருப்பர். எண்ணிக்கையால் வரும் உரிமை அவர்களுக்கு எந்நாளும் எட்டாது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, ‘ஒலிநூல்களும் பேசும் கைப்பேசிகளும் வந்துவிட்டன, கேட்டாலே போதும், எழுத்து எதற்கு?’ என்பது. இதனைக் கூறுவோர் நல்லெண்ணத்துடனேயே கூறுகின்றனர். ஆயினும், தமிழாசிரியர் எவரும் இதனை ஏற்றல் இயலாது. ‘நகரம்’ என்பதில் வருவது தந்நகரம், ‘மனம்’ என்பதில் வருவது றன்னகரம் என்பதை இன்றைய பேச்சொலி நமக்குக் காட்டித்தருவதில்லை. இரண்டும் செவிக்கு ஒன்றே. ரகர றகரங்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. லகர ளகர ழகரங்களை நம் நாட்டில் எத்தனை பேர் பிரித்து ஒலிக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். பார்க்கும் மாணவர் இவ்வேறுபாடுகளைக் கண்ணால் கற்கிறார். பலமுறை பார்த்துப் பார்த்தே சொல்லின் வடிவம் அவர் நினைவில் பதிகிறது. செவியொன்றையே துணையாகக் கொண்டவர்க்கு ‘அரம்’ எது, ‘அறம்’ எது என்பதை இடத்தை நோக்கி ஊகிப்பதே வழி. அவர் எழுதப் புகும்போது அவ்வூகம் கைகொடுக்காது. எழுத்தைத் தொட்டுப் படித்தவரே எழுத்துப்பிழையின்றி எழுதமுடியும். பிழையின்றி எழுதுபவரே தேர்வு எழுதவும் ஆசிரியராகவும் கட்டுரையாளராகவும் முடியும். கேட்டல் என்பது நூலின் பொருளைத் தரும். யாப்பு, புணர்ச்சி, சொல்லின் பிரிப்பு ஆகியவற்றை நுணுகி நோக்க விரல் ஒரு வரியில் நின்று, திரும்பி, மீண்டும் செல்லவேண்டும்.

இரண்டாவது மறுப்பு, ‘247 எழுத்துகளைப் பார்வையற்ற பிள்ளை எவ்வாறு கற்கும்?’ என்பது. இது பிரெய்ல் முறையை அறியாமையால் எழுவது. அதனைச் சற்று விரித்துரைப்பது பயனுடையது. நம் இலக்கணத்தை அறிந்தவர்க்கு அது இன்பமும் தரும்.

பிரெஞ்சு நாட்டவரான லூயி பிரெய்ல் 1824இல், தம் 15ஆம் வயதில் வகுத்த முறை ஆறு புள்ளிகளால் ஆனது. ஒரு சிறு கட்டத்தில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3 எனவும் வலப்பக்கம் 4, 5, 6 எனவும் புள்ளிகளுக்கு எண்ணிடுவர். எவை புடைத்திருக்கின்றன, எவை புடைக்கவில்லை என்பதைக்கொண்டு 63 வடிவங்கள் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்தே இம்முறையில் தமிழை எழுதும் முயற்சிகள் நடந்தன. இந்திய மொழிகளில் அன்று ஒன்றுக்கொன்று முரணான பல பிரெய்ல் முறைகள் வழங்கின. யுனெஸ்கோவின் துணையோடு 1951இல் அவை பாரதி பிரெய்ல் என்னும் ஒரே முறைக்குள் வந்தன. பிரிக்பீல்ட்ஸ் சங்கம் தோன்றியதும் அதே ஆண்டுதான்.

பாரதி பிரெய்லின் அடிப்படை ஒலியே. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே வடிவம்; கூடுமானவரை ஆங்கில பிரெய்லின் வடிவமே அதற்கும். அதனால் தமிழின் அகரத்திற்கு உரோமன் முதலெழுத்தின் ஒற்றைப் புள்ளியே உரியது. இ, உ, ஏ, ஓ ஆகிய உயிர்களும் க, ச, த, ந, ப, ம, ய, ர, ல, வ ஆகிய மெய்வரிசைகளும் அவ்வாறே உரோமன் எழுத்துகளின் வடிவங்களையே பெறுகின்றன. எண்ணிப்பார்த்தால், 12 உயிரும் 18 மெய்யுமாகிய முப்பதில் 15 எழுத்துகள் இவ்வாறு அமைகின்றன. மலாய் பிரெய்லும் உரோமன் எழுத்துகளையே அடிப்படையாகக் கொண்டது. எனவே, மலாய் பிரெய்லைக் கற்ற தமிழ்ப் பிள்ளை தமிழ் பிரெய்லில் பாதியை முன்னரே கற்றுவிட்டது. எவரும் அதற்கு அதனைச் சொல்லவில்லை, அவ்வளவே.

எஞ்சிய பாதியிலும் அழகுகள் உண்டு. லகரம் இடப்பக்கத்துப் புள்ளிகள் மூன்றும். ளகரம் வலப்பக்கத்துப் புள்ளிகள் மூன்றும். ழகரத்திற்கும் றகரத்திற்கும் றன்னகரத்திற்கும் தனித்தனி வடிவங்கள் உள்ளன. செவி பிரித்தறியாதவற்றை விரல் ஐயமின்றிப் பிரித்தறிகிறது.

உயிர்மெய்க்கு வருவோம். அச்சில் ‘மலை’ என்று எழுதும்போது ஐகாரக் குறி லகரத்தின் முன்னே நிற்கிறது. ஒலியிலோ அது பின்னே வருகிறது. ‘கொடி’ என்பதில் ஒகரம் ககரத்தை இருபுறமும் அணைத்து நிற்கிறது. புதிதாக எழுதக் கற்கும் பிள்ளைகள் இவ்விடத்தில் தடுமாறுவதை முதலாம் ஆண்டு ஆசிரியர் நாள்தோறும் காண்பர். பிரெய்லில் இத்தடுமாற்றத்திற்கே இடமில்லை. ‘மலை’ என்பது மூன்று கட்டங்கள்: மகரத்திற்கு 1-3-4, லகரத்திற்கு 1-2-3, ஐகாரத்திற்கு 3-4. ‘கொடி’ நான்கு கட்டங்கள்: க, ஒ, ட, இ. மெய் முன்னும் உயிர் பின்னுமாக, ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்துகள் அமைகின்றன. உயிர்மெய்யில் மெய்யை அடுத்தே உயிர் தோன்றும் என்று தொல்காப்பியர் நூன்மரபில் விதித்ததைப் பார்வையுள்ள நாம் கண்ணுக்குக் காணாத இலக்கணமாகவே படிக்கிறோம். பார்வையற்ற மாணவர்க்கு அது ஒவ்வொரு சொல்லிலும் விரலுக்குத் தட்டுப்படும். மெய்யின் புள்ளிக்கும் ஒரு தனிக் கட்டம் உண்டு. இவ்வளவில் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. நம் நாட்டு முஸ்லிம் பிள்ளைகள் மலாய் பிரெய்லோடு அரபு பிரெய்லையும் கற்றுத் திருக்குர்ஆனை விரலால் ஓதுகின்றனர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். ஆறு புள்ளிகளில் இரண்டாம் எழுத்துமுறையைக் கற்றல் பிள்ளைகளுக்குப் பெருஞ்சுமையன்று.

சட்டம் இதற்கு இடந்தருகிறதா என்று கேட்கலாம். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவர்தம் கல்வியுரிமையை ஏற்கிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா 2010இல் உறுதிசெய்தது. அதன் 24ஆம் பிரிவு, பிரெய்ல் கற்பதற்குத் துணைபுரிவதையும், தனியாளுக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தருவதையும் நாடுகளின் கடமையாக வைக்கிறது. 2019 முதல் கல்வியமைச்சு, சிறப்புத் தேவையுள்ள எப்பிள்ளையையும் அரசுப் பள்ளிகள் திருப்பியனுப்பலாகாது என்னும் கொள்கையைக் கடைப்பிடிக்கிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் தண்டனைப் பிரிவுகள் இல்லை என்பது அது இயற்றப்பட்ட நாள்முதலே சுட்டப்பட்டுவரும் குறை, அக்குறை மெய்யானதே. ஆயினும், அச்சட்டம் தரும் வரையறை கூர்ந்து நோக்கத்தக்கது. உடலிலோ புலனிலோ உள்ள குறை, பல்வேறு தடைகளோடு எதிர்ப்படும்போதுதான் ஒருவர் சமுதாயத்தில் முழுமையாகப் பங்குகொள்ள இயலாமற்போகிறது என அது கூறுகிறது. தமிழில் பிரெய்ல் நூல் இல்லாமை அத்தகைய ஒரு தடை. அது பிள்ளையின் கண்ணில் இல்லை. நம் நூலகத்தில் இருக்கிறது.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மொழிக்கழகத்தின் மேடை அல்லவா! நம் நாட்டுத் தமிழில் ‘ஊனமுற்றோர்’ வழங்கி, ‘உடற்பேறு குறைந்தோர்’ வந்து, இப்போது தமிழ்நாட்டிலிருந்து வந்த ‘மாற்றுத்திறனாளி’ நிலைபெற்றுவருகிறது. இழிவு நீங்கிய சொல் வேண்டுவதே. ஆனால், சொல்லை மாற்றியதோடு கடமை முடிந்ததென எண்ணும் மனப்போக்கும் உண்டு. பெரும்பிரிவைச் சுட்ட அச்சொல்லைப் பயன்படுத்தினும், ஒருவரது நிலையைக் குறிக்க வேண்டுமிடத்துப் ‘பார்வையற்றவர்’, ‘செவித்திறனற்றவர்’ என நேரிய சொற்களையே நாம் விரும்புகிறோம். எவ்வகைத் துணை வேண்டும் என்பதை அவை தெளிவாக்குகின்றன.

இனி நூல்கள். இவ்வகையில் காலம் நமக்குத் துணையாயிருக்கிறது. 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கை, அச்சைப் படிக்க இயலாதோர்க்காக ஒரு நூலைப் பிரெய்லாகவோ ஒலிநூலாகவோ பதிப்புரிமை இசைவு பெறாமலே ஆக்கவும், உடன்பட்ட நாடுகளுக்கிடையே அனுப்பவும் வழிசெய்கிறது. அதனை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, ஆண்டு 2014. மலேசியா 2022இல் இணைந்தது. ஆகவே, சென்னையில் பிரெய்லாக்கப்பட்ட ஒரு தமிழ் நாவல், உரிய அமைப்புகளின் வழியே முறைப்படி பிரிக்பீல்ட்ஸிற்கு வரலாம்; இங்கு ஆக்கப்பட்ட மலேசிய எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்பு அங்குச் செல்லலாம். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் முயற்சியில் திருக்குறள் உள்ளிட்ட செவ்வியல் நூல்களின் பிரெய்ல் பதிப்புகள் 2023இல் வெளியிடப்பட்டன. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோர்க்கெனத் தனிப்பிரிவே இயங்குகிறது. கேட்டுப்பெற வேண்டியவர்கள் நாம்.

நம் கையிலேயே உள்ள பணியொன்று இன்னும் எளிது. கணினியில் தமிழைக் கொண்டுவந்த முன்னோடிகளுள் நம் நாட்டு முத்து நெடுமாறனும் ஒருவர். இன்று ஒருங்குறித் தமிழ் எல்லாக் கைப்பேசிகளிலும் உள்ளது. ஒருங்குறியில் தட்டெழுதிய பாடத்தைத் திரைவாசிப்பான் வாசித்துக்காட்டும். ஊசிமுனைகள் எழுந்து தாழும் பிரெய்ல் கருவி அதனையே விரலுக்குத் தமிழ் பிரெய்லாகத் தரும். ஆனால், பயிற்சித்தாளைப் படம்பிடித்துப் புலனத்தில் அனுப்பினால் அது வெறும் படம். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பாயின் பொருளற்ற குறிகளின் குவியல். ஆண்டுமலர்களும் இலக்கண வினாத்தாள்களும் இவ்வாறே குவிந்துகிடக்கின்றன. ஆசிரியர் ஒருவர் பாடக்குறிப்பைப் படமாக அனுப்புவதை விடுத்து எழுத்தாக அனுப்புவாராயின், செலவு ஏதுமின்றி அவ்வகுப்பில் ஒரு வாயில் திறக்கிறது.

செவித்திறனற்ற தமிழ்ப் பிள்ளையின் நிலை வேறு. அது தனி உரைக்குரியது. அப்பிள்ளைக்கு முதல்மொழியாவது மலேசியச் சைகைமொழி. அதனைச் செவித்திறனற்றோரின் அதிகாரத்துவ மொழியாக 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கிறது. அங்குத் தமிழ்க்குடும்பம் செய்யவேண்டியது தானும் சைகைமொழி கற்பதே. பிரிக்பீல்ட்ஸ் ஒய்.எம்.சி.ஏ. செவித்திறனற்றோர்க்காக நெடுநாள் பணியாற்றிவருகிறது. பெற்றோர் கற்கத் தயங்கினால் ஒரே வீட்டில் பிள்ளை விருந்தினராகிவிடுகிறது.

வகுப்பறைக்கு மீள்வோம். பார்வைக்குறையுடைய பிள்ளைகள் எல்லாரும் முற்றிலும் பார்வையற்றவர் அல்லர். பலர்க்குப் பெரிய எழுத்தும் சன்னலின் ஒளி கண்ணிற் படாத இருக்கையும் போதும். முற்றும் பார்வையற்ற பிள்ளை ஒருங்கிணைந்த வகுப்பில் அமர்ந்திருக்கும்போது, ‘இதைப் பாருங்கள், இதிலிருந்து இது வந்தது’ என்று கரும்பலகையைச் சுட்டிக் கற்பிக்கும் வழக்கத்தை ஆசிரியர் கைவிடவேண்டும். எழுதுவதை எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லுதல், ‘இச்சொல்லில் வல்லின றகரம்’ என்று எழுத்தைப் பெயரிட்டுக் கூறுதல், படத்தை இரண்டு வாக்கியங்களில் விவரித்தல் ஆகியன சிறு பழக்கங்களே. இவற்றால் பார்க்கும் பிள்ளைகளின் எழுத்துப்பிழையும் குறையும் என்பது நம் எதிர்பார்ப்பு.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டர் இரயிலில் வந்தால், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடைதொலைவே. தமிழ்மொழிக் கழக மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை அங்குச் சென்று பரிசுப்பொருள் வழங்கித் திரும்புவதைக் காட்டிலும், ஒரு சிறுகதையை ஒருங்குறியில் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, ஒரு வாசகர்க்கு அனுப்புவது மேலான தொண்டு. மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. அச்சில் ஒரு பிழை கண்ணுக்குத் தப்பலாம், விரலுக்குத் தப்பாது.

ஆசிரியப் பயிற்சிக் கழகங்களில் தமிழ் பயிலும் மாணவர்க்குப் பிரெய்லை அறிமுகப்படுத்தப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. துளைகள் அமைந்த எழுதுசட்டமும் ஒரு குத்தூசியும் தடித்த தாளும் போதும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சட்டத்தில் எழுதுவோர் தாளின் பின்புறமிருந்து, வலமிருந்து இடமாகக் குத்திச் செல்வர். தாளைத் திருப்பினால்தான் புடைத்த எழுத்துகள் இடமிருந்து வலமாக விரலுக்குக் கிடைக்கும். அதனால் லகரத்தைக் குத்துபவர் சட்டத்தின் வலப்பக்கத்து மூன்று துளைகளையும் ளகரத்தைக் குத்துபவர் இடப்பக்கத்து மூன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வாரத்தில் பலர்க்கும் ‘பல்’ ‘பள்’ ஆகிவிடும். இரண்டாம் வாரத்தில் கை பழகிக்கொள்ளும்.